இரண்டு பட்டியலிலும் இல்லாதது

யேசு மரி சூசை

சம்மனசுபுரம்,
9.8.1987

அன்புத் தங்கை உபகாரமேரிக்கு அண்ணன் ஆசீர்வாதம் எழுதிக்கொள்வது. நான் நலம், கோயில் நலம், காலனியில் எல்லாரும் நலம். நான் போட்ட மூன்று கடிதத்துக்கும் சேர்த்து நீ ஒரே ஒரு கார்டு போட்டிருக்கிறாய். அதிலும் பாதிக்கு மேல் பம்பாய் மழை. மழையை நான் ரேடியோவிலேயே கேட்டுக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கண் வலி எப்படி இருக்கிறது, அதை எழுது.

உன் அண்ணி போய் ஆறு வருஷம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை அவளுக்காகப் பூசை வைத்தேன். பங்குச் சாமியார் சங்கராபுரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். வழக்கம்போல என்னிடம், உபதேசியார் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளக் கூடாதா என்று கேட்டார். நாற்பது வயதில் எனக்கு என்ன கல்யாணம் என்று சொல்லிவிட்டேன். கோயில் மணிக்குப் புதுக் கயிறு மாற்றியாயிற்று. பழைய கயிற்றில் என் கை ரேகை பதினைந்து வருஷமாகத் தேய்ந்திருந்தது, எடுத்துப் போட மனசு வரவில்லை.

அடுத்த மாதம் ஒரு வாரம் சாலை மறியல் என்று பேசிக்கொள்கிறார்கள். ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தனி இடஒதுக்கீடு கேட்கிறார்கள். கேட்கட்டும், கேட்பதில் என்ன தப்பு. நமக்கும் கேட்க ஒன்று இருக்கிறது, கேட்க ஆள்தான் இல்லை. வேதக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று சொல்லி உனக்கும் எனக்கும் தாழ்த்தப்பட்டோர் சான்றிதழ் இல்லை என்றார்கள். ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடந்தால் மட்டும் நாம் காலனிக்காரர்கள்.

கரியாலூர் தேன் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சுத்தமான மலைத்தேன். இப்போதெல்லாம் வாரத்தில் ஒரு நாள் சாமைச் சோறு சாப்பிடுகிறேன். உடம்புக்கு இதமாக இருக்கிறது.

அன்பு அண்ணன்,
ஆசீர்வாதம்

*

பம்பாய்,
27.8.1987

அன்புள்ள அண்ணாவுக்கு உபகாரம் எழுதுவது.

தேன் வந்தது. விடுதியில் எல்லாரும் ஆளுக்கு ஒரு கரண்டி கேட்டு அடியைப் பார்த்துவிட்டார்கள். கண் வலி பரவாயில்லை. இப்போது என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். சாமைச் சோறு யார் ஆக்குகிறார்கள்? வெந்நீர் வைத்தால் அதையும் தீய்த்து வைக்கிறவர் நீங்கள். சாமையைக் குழையாமல் வடிக்க நம் காலனியில் யாருக்கும் தெரியாது. நான் சந்தேகப்படவில்லை, சந்தோஷப்பட விஷயம் இருந்தால் சீக்கிரம் சொல்லிவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பம்பாயில் நீ என்னதான் செய்கிறாய் என்று முன்பு கேட்டிருந்தீர்கள். கள்ளக்குறிச்சியில் பஷீர் அகமது ஸ்டுடியோவில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசிப் படம் எடுப்பார்களே, அந்த மாதிரி மருந்துதான், இன்னும் தடிமனாகப் பூசியது. அதை ஜப்பானில் ஒரு பெரிய இயந்திரத்துக்கு முன்னால் வைத்து எடுத்து இங்கே அனுப்புகிறார்கள். அணுவுக்குள் இருக்கிற துகள்கள் அந்த மருந்துக்குள் ஓடினால் ஓடிய வழி கறுப்புக் கோடாக விழும். மயிரிழையில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மைக்ராஸ்கோப்பில் அந்தக் கோடுகளைப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவது என் வேலை.

நாங்கள் தேடுவது ஒரே ஒரு துகளை. குவார்க் என்று ஒன்று உண்டு. நம் உடம்பில் உள்ள அணுக்களில் அது மூன்று மூன்றாகத்தான் சேர்ந்திருக்கும். ஆறு குவார்க் ஒன்றாகச் சேர்ந்து ஒரே துகளாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் சொல்கிறார்கள். பத்து வருஷமாகத் தேடியும் யாரும் பார்த்ததில்லை. சங்கடம் என்னவென்றால் அந்த ஆறுக்கும் சேர்த்து மின்சாரம் கிடையாது, அதனால் அது கோடு போடாது. போன இடம் வெறுமையாக இருக்கும். பிறகு அது உடையும்போது, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து இரண்டு கோடுகள் திடீரென்று கிளம்பும். அப்படி இரண்டு கோடு கண்டால், நடுவில் ஏதோ இருந்தது என்று நாங்கள் எழுத வேண்டும்.

ஒவ்வொரு தகட்டையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கிறோம். நானும் கமலா என்று ஒரு பெண்ணும். ஒருத்தி கண்டதை இன்னொருத்திக்குச் சொல்லக் கூடாது, அப்படி ஒரு சட்டம். கமலாவுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். முந்தாநாள் நாற்பத்தோராவது தகட்டில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டேன். ஒரு கோடு வந்து நிற்கிறது. பிறகு வெறுமை. அதற்குப் பிறகு இரண்டு கோடுகள். எங்கள் தலைவர் காசிநாதன் சார் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு டீ வரவழைத்தார். எனக்காக ஒரு ஜெபமாலை சொல்லுங்கள்.

மறியல் என்கிறீர்களே, ஜாக்கிரதையாக இருங்கள்.

அன்புத் தங்கை,
உபகாரம்

*

யேசு மரி சூசை

சங்கராபுரம், கன்னியர் மடம்,
2.10.1987

அன்புத் தங்கைக்கு,

பேப்பரில் பார்த்திருப்பாய். நான் உயிரோடு இருக்கிறேன். ஒரு வாரம் தபால் இல்லை, பஸ் இல்லை, அதற்கப்புறம் எழுதக் கை வரவில்லை.

செப்டம்பர் பதினேழாம் தேதி வியாழக்கிழமை மறியல் ஆரம்பித்தது. ரோட்டோரப் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள், பாலத்துப் பக்கம் ரோட்டையே தோண்டினார்கள். கரியாலூர் பக்கம் போகிற பஸ் அத்தனையும் நின்றது. மூன்று நாள் நம் பக்கம் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நம் காலனிப் பெண் ஒருத்திக்கு இடுப்பு வலி எடுத்தது. கட்டை வண்டி போவதற்காக நம் பையன்கள் ஒரு மரத்தை நகர்த்தினார்கள். அவ்வளவுதான் நாம் செய்த குற்றம். மத்தியானம் மூன்று மணிக்கு வந்தார்கள். இருநூறு பேர் இருக்கும். பாதிப் பேரை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்.

நான் கோயில் மணியை அடித்தேன். கேட்டவர்கள் எல்லாரும் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடினார்கள். கூரை வீடுகள், காற்று வேறு. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நம் வீடும் போயிற்று. அப்பா வாங்கிய பித்தளைத் தவலை உருகி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. எல்லாம் போய், இடுப்பில் ஒரு சாவி மட்டும் மிச்சம்.

இப்போது எல்லாரும் மடத்துப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். எனக்கு ஒரு உதவி செய். எரிந்த வீடுகளுக்குக் கோயில் சார்பில் நான் ஒரு பட்டியல் எழுதினேன், முப்பது வீடு. சர்க்காருக்கு ஊர்க் கணக்கில் ஒரு பட்டியல் போயிருக்கிறது, இருபத்தெட்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை. நான் எழுதியது சில அதில் இல்லை, அதில் உள்ள சில என்னிடம் இல்லை. எது சரி என்று மேலே கேட்கிறார்கள். உனக்குக் கணக்கு வரும். இரண்டுக்கும் நகல் இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நம் வீட்டில் எரிந்த சாமான்களின் விவரமும் கூட இருக்கிறது, சேர்த்துப் பார். இரண்டு பட்டியலிலும் கடைசி வரி ஒன்றேதான்: உயிர்ச்சேதம் இல்லை.

நீ கிளம்பி வராதே. வந்து படுக்க இடமில்லை.

அண்ணன்,
ஆசீர்வாதம்

*

பம்பாய்,
20.10.1987

அன்புள்ள அண்ணா,

மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். நீங்கள் இருக்கிறீர்கள், அது போதும் என்று ஒரு நாள் இருக்கிறது. மறுநாள் அந்தப் பாதிப் பேரின் பெயர்களை எழுதி அனுப்பச் சொல்லிக் கத்த வேண்டும்போல இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் ஆயிற்றா? அதை எழுதவில்லையே.

வர வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால் வரவில்லை. கணக்கையாவது பார்க்கிறேன் என்று உட்கார்ந்தேன். எங்கள் வேலையில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கமலாவும் நானும் ஒரே தகட்டைப் பார்க்கிறோம் அல்லவா? இருவரும் கண்டது எத்தனை, நான் மட்டும் கண்டது எத்தனை, அவள் மட்டும் கண்டது எத்தனை என்று பிரிப்போம். அதிலிருந்து, இரண்டு பேருமே பார்க்காமல் விட்டது எத்தனை இருக்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம்.

உங்கள் இரண்டு பட்டியலிலும் பொதுவாக உள்ள வீடு இருபத்து நான்கு. உங்களிடம் மட்டும் உள்ளது ஆறு. அவர்களிடம் மட்டும் உள்ளது நான்கு. ஆறையும் நான்கையும் பெருக்கி இருபத்து நான்கால் வகுத்தால் ஒன்று. ஆக எரிந்தது முப்பத்துநான்கு. அதற்கு மேல் ஒன்று, இரண்டு பேர் கண்ணிலும் படாமல் இருக்கிறது. இது உத்தேசக் கணக்குதான், அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு தரம் காலனியைச் சுற்றி நடந்து பாருங்கள், யாருடைய குடிசையோ விட்டுப்போயிருக்கிறது. பாவம், அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போய்விடும்.

அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை அண்ணா. இல்லை என்று எழுதுவது லேசான காரியம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நாங்கள் ஒரு தகட்டில் ஒன்றும் இல்லை என்று எழுத, அதை மூலை விடாமல் இரண்டு தரம் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் சாம்பல் ஆறுவதற்குள் எழுதிவிட்டார்கள். நீங்களும் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. சாமான் விவரத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. தவலை, சைக்கிள், அம்மாவின் ஜெபமாலை, சாமை இரண்டு படி, தேன் மூன்று பாட்டில். நடுவில் ‘புடவை இரண்டு’ என்று இருக்கிறதே, யாருடையது?

அன்புத் தங்கை,
உபகாரம்

*

யேசு மரி சூசை

சம்மனசுபுரம்,
8.11.1987

தங்கை உபகாரமேரிக்கு,

கடிதம் கிடைத்தது. சர்க்கார் கொடுத்த கீற்றில் கூரை போட்டுக்கொண்டு எல்லாரும் திரும்பிவிட்டோம். அந்தப் பெண்ணுக்குக் கரும்புத் தோட்டத்திலேயே பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை, இருக்கிறது.

நீ சொன்னபடி சுற்றிப் பார்த்தேன். வீடு எதுவும் விட்டுப்போகவில்லை. நம் வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டாய் ஒன்று இருந்தது, அது எரிந்தது. அது வீடு ஆகாது. உன் கணக்கு அதைத்தான் காட்டுகிறதுபோல. இதோடு விட்டுவிடு. புடவை அம்மாவுடையது.

இங்கே மனிதர்கள் படுகிற பாட்டில் நீ மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து நீட்டாதே. எனக்குத் தூக்கம் சரியில்லை. சந்தை நாளில் ஒரு மலைக்காரப் பெண் வந்து உயிரை எடுக்கிறாள். ஆயம்மாள் என்று பெயர். தேன் விற்கிற தங்கையைக் காணோமாம், நம் வீட்டில்தான் தேன் கொடுப்பாளாம், பார்த்தீர்களா என்று வாராவாரம் அதே கேள்வி. மறியலன்றைக்கே மலைக்கு நடந்து போய்விட்டாள் என்று சொல்லி அனுப்பினேன். மறுவாரம் மறுபடி வந்து நிற்கிறாள்.

உன் துகள் என்ன ஆயிற்று?

ஆசீர்வாதம்

*

பம்பாய்,
29.11.1987

அன்புள்ள அண்ணா,

என் துகளைக் கேட்டீர்கள். அதை முதலில் சொல்கிறேன்.

கமலாவின் ரெஜிஸ்டரில் அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அவள் பார்க்காமல் விட்டாளோ என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஜப்பானுக்குத் தந்தி அடிக்கப் போகிறார்கள் என்று கூடப் பேச்சு வந்தது. என் பெயரும் அதில் இருக்கும் என்று காசிநாதன் சார் சொன்னார். எனக்கு இன்னும் நிரந்தர வேலை இல்லை, தெரியும் உங்களுக்கு. போன வாரம் அந்த இரண்டு கோடுகளில் ஒன்றை மறுபடி தொடர்ந்து பார்த்தேன். அது அந்த வெறுமையில் தொடங்கவில்லை. மேல் தகட்டிலிருந்து வருகிறது. இரண்டு தகடு சேருகிற இடத்தில் மருந்து கொஞ்சம் சுருங்கியிருந்ததால் முதலில் தெரியவில்லை. எங்கிருந்தோ வந்த கோடு அங்கே வந்து நின்றிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே இடத்திலிருந்து கிளம்ப வைத்தது என் ஆசை. நானே போய்ச் சொன்னேன். நானே ரெஜிஸ்டரில் சிவப்பு மையால் அடித்தேன். அன்றைக்கு முழுக்க அழுதேன்.

ஏன் இதை விரிவாக எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அம்மாவின் புடவைகளைத் தைத்துத்தான் எனக்குப் போர்வை செய்தீர்கள். அதைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு வேறு புடவை கிடையாது. அண்ணியின் புடவைகளை அண்ணியின் தங்கை எடுத்துப்போனாள்.

சாவி மிச்சம் என்று எழுதினீர்கள். வேதனையில் எழுதியதாக நினைத்தேன். நம் வீட்டுக் கதவுக்குப் பூட்டு ஏது அண்ணா? நான் பிறந்ததிலிருந்து தாழ்ப்பாளோடு சரி. கோயில் சாவி கோயிலிலேயே ஆணியில் தொங்கும். உங்கள் இடுப்பில் இருந்தது எதன் சாவி? யாராவது விறகைப் பூட்டி வைப்பார்களா?

சாமைச் சோறு ஆக்கியது யார் என்று ஆகஸ்டில் கேட்டேன். இப்போதும் அதையே கேட்கிறேன், சிரிக்காமல் கேட்கிறேன். வாராவாரம் வந்து நிற்கிற அந்த ஆயம்மாளின் தங்கைக்கு என்ன பெயர்?

உபகாரம்

*

சம்மனசுபுரம்,
13.12.1987

உபகாரம்,

மேலே அந்த மூன்று பெயரையும் எழுத இன்றைக்குக் கை கூசுகிறது.

அவள் பெயர் சாலம்மாள். முப்பத்திரண்டு வயது இருக்கும். கரியாலூருக்கு மேலே ஒரு ஊர். மலையில் அவளுக்குப் புருஷன் இருந்தான், வேறொருத்தியோடு போய்விட்டான், ஆனாலும் இருக்கிறான். கோயிலில் எங்கள் கல்யாணத்தை எப்படி மந்திரிப்பார்கள்? அவள் ஞானஸ்நானம் வாங்கினவளும் இல்லை. இரண்டு வருஷமாகச் சந்தைக்கு வருகிற நாளில் தேன் கொடுக்கிற சாக்கில் வருவாள். சோறு ஆக்கி வைப்பாள். நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலப் பஸ்ஸில் போய்விடுவாள். எப்போதாவது தங்கினால் விடிகாலை முதல் பஸ். யாருக்கும் தெரியாது. உனக்குச் சொல்ல நினைத்துத்தான் ஆகஸ்டில் தேன் அனுப்பினேன், அதற்கு மேல் தைரியம் வரவில்லை.

மறியலுக்கு முதல் நாள் சந்தைக்கு வந்தவள் தங்கினாள். மறுநாள் பஸ் இல்லை. ரோடு பூராவும் ஆட்கள், மலைக்கு நடந்து போகவும் பயம். நாலு நாள் ஒரு மலைக்காரி உபதேசியார் வீட்டில் இருந்தாள் என்று தெரிந்தால் என் உபதேசியார் வேலை போகும், பூசையில் நற்கருணை வாங்க முடியாது. விறகுக் கொட்டாயில் பாய் போட்டுக் கொடுத்தேன். பகலில் நான் வெளியே போகும்போது வெளிப்பக்கம் பூட்டிவிட்டுப் போவேன். பூட்டியிருந்தால் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பூட்டைச் சங்கராபுரத்தில் அதற்கென்றே வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பூட்டும்போது உள்ளேயிருந்து, “நல்லா பூட்டிக்கினு போ, கடுக்கா மூட்டை திருடு போயிடப் போவுது” என்று சிரித்தாள். தன்னைத்தான் மூட்டை என்றாள்.

நான் மணி அடித்துக்கொண்டிருக்கிறேன். மேலண்டைக் கூரைகளில் தீ. நம் காலனி ராஜாங்கம் கையில் கடப்பாரையோடு நம் வீட்டுப் பக்கமிருந்துதான் ஓடி வந்தான். என்னைப் பார்த்து நின்றான். “உபதேசியாரே, அந்தாண்ட யார்னா உள்ள மாட்டிக்கினு இருக்காங்களா?” என்று கேட்டான். அவன் கையில் கடப்பாரை இருந்தது, உபகாரம். நூறு அடி தூரம். தீ இன்னும் நம் கூரைக்கு வரவில்லை.

“யாரும் இல்ல, நீ ஓடு” என்று சொன்னேன்.

நானே போய்த் திறந்துவிடலாம் என்று நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நினைத்தேனா என்று தெரியவில்லை. கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பும்போது நடுவில் அவர்கள் வந்துவிட்டார்கள். ஓடியிருந்தால் எட்டியிருப்பேனா தெரியாது. ஓடவில்லை என்பது தெரியும். கரும்புக்குள் மற்றவர்களோடு குப்புறப் படுத்துக்கிடந்தேன்.

சனங்களை மடத்துக்கு அனுப்பிவிட்டு, கோயிலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நான் மட்டும் நின்றேன். பொழுது இருக்கும்போதே கோயில் தோட்டத்தில் முருங்கை மரத்துப் பக்கம் தோண்டினேன். ஜெபம் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் பட்டியல் எழுதச் சொன்னார்கள். எத்தனை வீடு என்று எழுதினேன். உயிர்ச்சேதம் என்று கேட்டார்கள். ராஜாங்கத்துக்குச் சொன்னதையே எழுதினேன். புடவை இரண்டு என்று எழுதும்போது மட்டும் ஏனோ பொய் வரவில்லை.

எல்லாம் எழுதிவிட்டேன். நெருப்பு வைத்தவர்கள் அவர்கள். பூட்டினவன் நான். நீ என்ன சொல்கிறாயோ சொல்.

ஆசீர்வாதம்

*

பம்பாய்,
28.12.1987

அண்ணா,

கிறிஸ்துமஸ் அன்று உங்கள் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு பூசைக்குப் போனேன். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

நான் உங்களை வெறுக்கவில்லை என்று எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை. வெறுக்கிறேன் என்றும் எழுத முடியவில்லை. அப்பா போனபோது எனக்கு ஒன்பது வயது. ஒரே தட்டில் சோறு போட்டு எனக்குப் பெரிய பாதியைத் தள்ளி வைத்தவர் நீங்கள். என்னைப் படிக்க வைத்து இந்த மைக்ராஸ்கோப்பில் உட்கார வைத்தவர் நீங்கள். கூப்பிட்டுச் சொல்ல ஒரு வார்த்தை போதுமாக இருந்ததே அண்ணா. வேலை போனால் போகிறது என்று என்னிடம் பம்பாய்க்கு வந்திருக்கலாமே, இரண்டு பேருமாக.

இங்கே எங்கள் தகடுகள் எல்லாம் பார்த்து முடிந்தன. ஆறு குவார்க் துகள் இல்லை. இவ்வளவு தகட்டில், இரண்டு தரம் பார்த்து, காணவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். என் வேலை மார்ச் மாதத்தோடு முடிகிறது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, எழுதியது நிஜம்.

நீங்கள் எழுதிய வரியை நீங்களேதான் அடிக்க வேண்டும். கோயில் புத்தகத்தில் அவள் பெயரை எழுதுங்கள். ராஜாங்கத்திடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவன் தன் கடப்பாரையை நினைத்து ஒரு நாள் தானாகக் கண்டுபிடிப்பான். எல்லாருக்கும் முன்னால் ஆயம்மாளிடம் சொல்லுங்கள். இந்த வாரமும் அவள் சந்தையில் நிற்பாள். பொய்யைக் கேட்டுவிட்டு மலை ஏறிப் போவாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதைச் செய்யும்வரை எனக்கு எழுத வேண்டாம். நானும் எழுத மாட்டேன்.

உபகாரம்

*

சம்மனசுபுரம்,
21.2.1988

அன்புத் தங்கை உபகாரமேரிக்கு,

எழுதலாம் என்று ஆகியிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

கோயில் புத்தகத்தில் எழுதினேன். சாலம்மாள், வயது முப்பத்திரண்டு, 20.9.87, தீயில் இறந்தாள், பூட்டியவன் ஆசீர்வாதம் என்று. பங்குச் சாமியார் வாசித்தார். ஞானஸ்நானம் இல்லாதவள் பெயர் இதில் வரக் கூடாது என்றார். ஆனால் அடிக்கவில்லை, புத்தகத்தை மூடினார். ஈஸ்டர் வரை நான் இருக்கலாம், அதற்குப் பிறகு வேறு உபதேசியார். போலீஸிலும் எழுதிக் கொடுத்தேன். விசாரிக்கிறோம் என்றார்கள். இரண்டு தரம் போய்க் கேட்டேன். சர்க்கார் பட்டியலில் கடைசி வரி அப்படியேதான் இருக்கிறது.

ராஜாங்கத்திடம் சொன்னேன். என்னைக் கண்டால் இப்போது வேறு சந்தில் போகிறான்.

ஆயம்மாளிடம் சொல்ல எனக்கு ஐந்து சந்தை ஆயிற்று. நாலு சந்தை அவளுக்கு எதிரே போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். போன வாரம் அவளை அழைத்துவந்து முருங்கை மரத்துப் பக்கம் உட்கார வைத்துச் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை, ராஜாங்கம் கேட்டதும் நான் சொன்னதும் உள்பட. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். அவள் மண்ணைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தப் பூட்டு எங்கே என்று கேட்டாள்.

சாம்பலிலிருந்து எடுத்து ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தேன். நாதாங்கியோடு பூட்டினபடியே கிடந்தது. கறுத்து, ஒரு பக்கம் பொரிந்திருந்தது. கொடுத்தேன். சாவியைக் கேட்டாள். இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். அவள் அதைப் போட்டுத் திருப்பினாள். நெருப்பில் கிடந்த பூட்டு, ஐந்து மாதத் துரு, திறக்காது என்றுதான் நினைத்தேன். ஒரே திருப்பில் திறந்துகொண்டது.

கையில் வைத்துப் பார்த்தாள். “இவ்ளோ சுளுவாத்தான் தொறக்குதா” என்றாள். என்னைப் பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

பூட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்த இடத்தில் ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டாள். சாவியை என் கையிலேயே கொடுத்துவிட்டாள், அது தனக்கு எதற்கு என்று.

நீ பதில் போட வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். சாவி இடுப்பில்தான் இருக்கிறது.

ஆசீர்வாதம்